“இது என்ன படம்?”
(கோடும் நிழலுமான ஒரு நிழற்படத்துக்குக் கருத்துச் சொல்லலும் கேட்டலும்)

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன், உப்பளம்

கவிதை ஒன்றை எழுதி நண்பனிடம் காட்டினால், எதுகை மோனையைப் பற்றியாவது அவன் ஏதேனும் சொல்வான். பாடிக் காட்டினால் சுருதி சேர்ந்ததா, தாளம் தப்பியதா என்று சொல்வான். கோயில் கோபுரத்தைப் படமெடுத்துக் காட்டினால், “கலசம் வெட்டுப்பட்டுப் போச்சே” என்பான். ஆனால், வெறும் கோடுகளும் கட்டங்களும் நிழல்களும் மட்டுமே உள்ள ஒரு நிழற்படத்தை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு கணம் விழிப்பான். படத்தை இப்படியும் அப்படியும் திருப்புவான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பான்: “இது என்ன படம்?”

இந்தக் கேள்விக்கு அப்பால் செல்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். படம் எடுப்பவர்கள் நம் கல்லூரியில் இன்று நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசியோடு ஒரு கேமராவும் இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பயன்படும்படி நாலு வார்த்தை சொல்பவர்களும், சொன்னதைக் கேட்டுக்கொள்பவர்களும்தாம் குறைவு. இந்தக் குறைபாட்டில் எனக்கும் பங்குண்டு. அதையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன்.

படம் பிறந்த கதை

எங்கள் உப்பளம் புதுச்சேரி நகரின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. பெயரில் உப்பு இருந்தாலும், இன்று ஊரார் அதை அடையாளம் சொல்வது விளையாட்டு மைதானத்தை வைத்துத்தான். தை மாதத்து மாலை ஒன்றில், நாலரை மணிக்கு, அந்த மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுகளில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரும்புக் கைப்பிடிக் கம்பி ஒன்று சரிவாக இறங்கியது. அதன் நிழல் படிகளின்மேல் விழுந்திருந்தது. கம்பி நேர்கோடு. நிழலோ மடிந்து மடிந்து இறங்கியது. படியின் மேல்தளத்தில் ஒரு திசை, செங்குத்து முகத்தில் மற்றொரு திசை, அடுத்த படியில் மறுபடியும் பழைய திசை. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பாடத்தில் படித்த எனக்கு, அந்த நேர்கோடு கண்ணெதிரே விசிறிமடிப்பாக மாறியது வியப்பாக இருந்தது. படம் எடுத்தேன். ஆள் இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை. படிகள், ஒரு நிழல், அவ்வளவே.

ஸ்டுடியோவில் கொடுத்து அச்சிட்டு வாங்கி, மாணவர் கண்காட்சி ஒன்றில் வைத்தேன். பார்வையாளர் கருத்தெழுத ஒரு நோட்டும் வைத்திருந்தார்கள். என் படத்துக்கு வந்த கருத்துகள்: “அருமை”, “சூப்பர்”, “புதுமையான முயற்சி”, “ஒன்றும் புரியவில்லை”, “கை தவறி அமுங்கியதோ?” இவற்றில் எது என்னைப் புண்படுத்தியது என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கருத்து அன்று. அதை எழுதியவர் படத்தின் முன் நின்று கொஞ்சமாவது யோசித்திருக்கிறார். “அருமை” என்று எழுதியவர் எதைப் பார்த்தார், எங்கே பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒன்றுபோல் என்னை வெறுங்கையோடு அனுப்பிவைத்தன.

அம்மா சொன்ன கருத்து

படத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்றேன். அம்மா அதைக் கையில் வாங்கினார். “இது என்ன?” என்று கேட்கவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நிழற்கோட்டின்மேல் சுட்டுவிரலை வைத்து, மேலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“ஆறு படி வரைக்கும் கோடு அழகா மடிஞ்சி மடிஞ்சி வருதுடா. ஏழாவது படிலே ஏன் தேஞ்சி போவுது? இப்படி விட்டா சிக்கு அவுந்துபோன மாதிரி இருக்கு.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். வலது கீழ் மூலையில் கூரையின் பெரிய நிழல் படர்ந்து, என் கோட்டை விழுங்கியிருந்தது. இருநூறு பேர் பார்த்த படத்தில் ஒருவரும் சொல்லாத குறை அது. எடுத்தவனாகிய நானும் காணாத குறை.

அம்மா நிழற்படக் கலை படித்தவர் அல்லர். ஆனால் நாள்தோறும் வாசலில் கோலமிடுபவர். கோலம் என்பது என்ன? புள்ளியும் கோடும்தானே? சிக்குக் கோலத்தைப் பார்த்து “இது என்ன உருவம்?” என்று எந்தப் பெண்ணும் கேட்பதில்லை. கோடு புள்ளியைச் சரியாக வளைத்ததா, இடைவெளி ஒன்றுபோல் இருக்கிறதா, புறப்பட்ட கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததா என்றே பார்க்கிறார்கள். மார்கழியில் எதிர்வீட்டு அக்கா நம் வாசலைத் தாண்டும்போது, “மூணாவது வரிசைலே ஒரு புள்ளி விட்டுப்போச்சே” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல்லில் பழிப்பில்லை, வீண் புகழ்ச்சியும் இல்லை. எந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பது மட்டும் இருக்கிறது. உருவமற்ற வடிவத்தைத் திறனாயும் பழக்கம் நமக்குப் புதியதன்று. வாசலில் இருக்கும் அந்தப் பழக்கத்தைக் கண்காட்சிக் கூடத்துக்குள் கொண்டுவர மறந்துவிட்டோம், அவ்வளவே.

இரண்டு கருத்துகள், இரண்டு வாழ்க்கைகள்

ஒரு நல்ல கருத்து ஒரு கலைஞனின் வழியையே மாற்றக்கூடும். நிழற்பட வரலாற்றிலிருந்து இரண்டு சான்றுகளைக் காண்போம்.

முதலாவது அமெரிக்காவில் நிகழ்ந்தது. பால் ஸ்ட்ராண்ட் (1890–1976) என்னும் இளைஞர், நியூயார்க்கில் ‘291’ என்ற கூடத்தை நடத்திவந்த ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்சிடம் தம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். அக்காலத்தில் மங்கலாகப் பதியும் லென்சைக் கொண்டு ஓவியம்போலப் படமெடுப்பது நாகரிகமாக இருந்தது. ஸ்ட்ராண்டும் அப்படித்தான் எடுத்துவந்தார். ஸ்டீக்லிட்ஸ் “நன்று” என்றோ “தீது” என்றோ சொல்லி அனுப்பிவிடவில்லை. இந்த லென்சு எல்லாவற்றையும் ஒரே பொருளால் செய்ததுபோல் காட்டுகிறது, புல்லுக்கும் நீருக்கும் மரப்பட்டைக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது என்னும் பொருள்படச் சுட்டிக்காட்டினார். பொதுவான தீர்ப்பாக இல்லாமல், கருவி படத்துக்குச் செய்த தீங்கை இடம் குறித்துச் சொன்ன கருத்து அது. தம் வாழ்வின் திருப்பமாக ஸ்ட்ராண்டே பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1916ஆம் ஆண்டுக் கோடையில் அவர் கனெக்டிகட் மாநிலத்தின் ட்வின் லேக்ஸ் என்னுமிடத்தில் தங்கியிருந்தார். வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளின் நிழல், ஒரு வட்ட மேசை, சில கிண்ணங்கள் ஆகியவற்றை மட்டும் வைத்துப் படங்கள் எடுத்தார். நிழற்படத்தில் அருவக் கலையின் தொடக்க முயற்சிகளாக அவற்றைக் கொண்டாடுகிறார்கள். வடிவங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்தி ஒரு படமாகின்றன என்று கற்றுக்கொள்ளவே அவற்றை எடுத்ததாக அவர் கூறியிருக்கிறார். ஸ்டீக்லிட்ஸ் நடத்திய ‘காமிரா ஒர்க்’ இதழின் கடைசி வெளியீடு 1917 ஜூனில் வந்தது. அதை அவர் ஸ்ட்ராண்டின் படங்களுக்கே ஒதுக்கினார். தாழ்வாரக் கம்பியின் நிழல்! நம் ஊர்த் திண்ணைகளில் நாள்தோறும் விழும் அதே நிழல்தான்.

இரண்டாவது சான்று பிரெஞ்சு நாட்டில் தொடங்கி இந்தியாவுக்கு வருகிறது. ஹங்கேரியில் பிறந்து பாரிசில் வாழ்ந்த லூசியான் எர்வே (1910–2007) 1949ஆம் ஆண்டு மார்செய் நகருக்குச் சென்றார். அங்கே கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே எழுப்பிக்கொண்டிருந்த பெரும் குடியிருப்பைப் பார்த்து மலைத்து, ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். முழுக் கட்டடத்தையும் காட்டும் படங்களைவிட, ஒரு சுவரின் விளிம்பு, ஒரு நிழலின் முனை, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோடு என்பவையே அவரை ஈர்த்தன. படங்களை லெ கொர்புசியேவுக்கு அனுப்பினார். கட்டடக் கலைஞனின் உள்ளம் உங்களுக்கு இருக்கிறது என்ற கருத்துப்பட அவர் மறுமொழி எழுதினார். தம் பணிகளைப் படமெடுக்கும் பொறுப்பையும் தந்தார். 1965இல் லெ கொர்புசியே மறையும்வரை அந்த உறவு நீடித்தது. எர்வே 1955, 1961 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்து சண்டிகரைப் படமெடுத்தார்.

லெ கொர்புசியேவின் மறுமொழி புகழ்ச்சிதானே என்று கேட்கலாம். புகழ்ச்சிதான். ஆனால் கண்காட்சி நோட்டில் வந்த “அருமை”யைப் போன்றதன்று. எர்வேயிடம் எது இருக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டிய புகழ்ச்சி. பாராட்டும் அப்படி இருந்தால்தான் பெற்றவர் அதைப் பற்றிக்கொண்டு மேலே செல்ல முடியும்.

எர்வேயிடம் நாம் கற்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. அவர் தம் படங்களின்மேலேயே கத்தரிக்கோல் வைப்பவர். அச்சிட்ட படத்தை ஓரங்களில் வெட்டி வெட்டி, வேண்டிய வடிவம் மட்டும் எஞ்சும்வரை விடமாட்டார். பிறர் கருத்துச் சொல்லும்முன் தமக்குத் தாமே கருத்துச் சொல்லிக்கொண்டவர் அவர்.

நம் புதுவைக்கும் இந்தக் கலையோடு உறவுண்டு. அந்தோனின் ரேமண்ட் வடிவமைக்க, 1930களின் பிற்பகுதியில் பணி தொடங்கி 1940களில் நிறைவுற்ற ‘கோல்கொண்ட’ விடுதி இங்கேதான் இருக்கிறது. அதன் கட்டுமானத்தில் பங்குகொண்ட செக் நாட்டவரான சாமர், முன்னர் லெ கொர்புசியேவிடம் பணிபுரிந்தவர். கண்ணாடிச் சன்னல்களுக்கு மாறாக, திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள் வரிசை வரிசையாக அதன் முகப்பை நிறைத்திருக்கின்றன. கோடும் நிழலும் படிக்க விரும்புவோர் சண்டிகர்வரை செல்லவேண்டியதில்லை.

கருத்துச் சொல்லும் முறை

சரி, எப்படிச் சொல்வது? பவணந்தியாரின் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்கள் கூறப்பட்டுள்ளதைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். அவை எழுத்துக்குச் சொன்னவை. எனினும் அவற்றுள் சிலவற்றை வடிவ நிழற்படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். வியக்கத்தக்க வகையில் பொருந்தின.

சட்டத்துக்குள் வரவேண்டிய வடிவம் பாதியில் வெட்டுண்டு நின்றால் அது குன்றக் கூறல். மூன்று கோடு போதுமான இடத்தில் முப்பது கோடு நெருக்கினால் மிகைபடக் கூறல். எது வடிவம், எது பின்புலம் என்று கண் தடுமாறினால் மயங்க வைத்தல். (சிலர் இதனை வேண்டுமென்றே செய்வர். அப்போது அது குற்றமன்று.) படம் முழுதும் சாம்பல் நிறக் கட்டங்களாக இருக்க, ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் தாள் ஒன்று கிடந்து கண்ணைத் தன் பக்கம் இழுத்தால் மற்றொன்று விரித்தல். வலிமையாகத் தொடங்கிய கோடு போகப்போக ஆற்றல் இழந்து மறைந்தால் சென்று தேய்ந்திறுதல். அம்மா விரல் வைத்துக் காட்டியது இந்தக் குற்றத்தையே. நன்னூல் படிக்காமலேயே “தேஞ்சி போவுது” என்ற அதே சொல்லையும் அவர் சொல்லிவிட்டார்!

இனி நடைமுறைக்கு வருவோம். நான் பின்பற்றிப் பயன்கண்ட வழிகள் இவை:

1. முதல் ஒரு நிமிடம் எதுவும் பேசாதீர்கள். கண் எங்கே நுழைந்தது, எவ்வழியே சென்றது, எங்கே நின்றது என்று கவனியுங்கள். அதையே முதலில் சொல்லுங்கள். “இடது மேல் மூலையில் நுழைந்தேன், நிழலோடு இறங்கினேன், இங்கே நின்றுவிட்டேன்” என்றால் போதும். எடுத்தவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

2. படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். படி, கம்பி என்னும் பெயர்கள் மறைந்து வடிவங்கள் மட்டும் எஞ்சும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சிறு விவரங்கள் மங்கி, வெளிச்சமும் இருளும் எப்படிப் பங்கிடப்பட்டுள்ளன என்பது விளங்கும்.

3. நான்கு ஓரங்களையும் நான்கு மூலைகளையும் தனித்தனியே பாருங்கள். இவ்வகைப் படத்தில் ஓரமும் ஒரு கோடே. சட்டத்துக்கு இணையாக இருக்கவேண்டிய படிக்கோடு ஓர் இழை சாய்ந்தாலும் கண்ணுக்கு உறுத்தும். நன்றாகச் சாய்த்திருந்தால் உறுத்தாது. அரைகுறைச் சாய்வே குற்றம்.

4. தடித்த அட்டையில் ‘ட’ எழுத்து வடிவில் இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் எதிரெதிராகப் படத்தின்மேல் வைத்து நகர்த்தினால், எவ்வளவு வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்பது உடனே தெரியும். சொல்லிப் புரியவைக்க முடியாததை இந்த அட்டை காட்டிவிடும்.

5. “எனக்குப் பிடிக்கவில்லை” என்பது உங்களைப் பற்றிய செய்தி. “இந்த மூலை இருண்டதால் கோடு அறுந்தது” என்பது படத்தைப் பற்றிய செய்தி. முதலாவதைச் சொல்லக்கூடாது என்பதில்லை. ஆனால் இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதோடு நிறுத்தக்கூடாது.

கருத்துக் கேட்கும் முறை

கேட்பவருக்கும் கடமைகள் உண்டு. அவை சொல்பவர் கடமைகளினும் கடினமானவை.

படத்தைக் காட்டும்போது விளக்கம் சொல்லாதீர்கள். “இது மைதானத்துப் படி, மாலை வெயில், என்ன பொருள் என்றால்...” என்று நாம் ஆரம்பித்துவிட்டால், பார்ப்பவர் படத்தைப் பார்க்கமாட்டார், நம் விளக்கத்தைப் பார்ப்பார். தலைப்பையும் கடைசியில் சொல்லுங்கள். குறை சொல்லப்படும்போது “அது வேண்டுமென்றே செய்தது” என்று எதிர்வழக்காடாதீர்கள். வேண்டுமென்றே செய்ததாக இருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு அது எட்டவில்லை என்பது ஒரு செய்தியே. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எப்போதும் கேளுங்கள்: “எந்த இடத்தில்?” “அருமை” என்றாலும் அதே கேள்வி, “மோசம்” என்றாலும் அதே கேள்வி. சொன்னவற்றை அன்றே எழுதிவையுங்கள். ஒருவர் சொன்னது அவர் சுவையாக இருக்கலாம். ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே மூலையில் விரலை வைத்தால், அந்த மூலைக்கு நாம் போய்த்தான் ஆகவேண்டும்.

கேட்டதை எல்லாம் ஏற்கவேண்டும் என்பதும் இல்லை. நண்பர் ஒருவர், “அந்தப் படியில் ஒரு பையனை உட்கார வைத்திருக்கலாம்” என்றார். உட்கார வைத்தால் நல்ல படமாகவும் இருக்கலாம். ஆனால் அது பையனின் படம், நிழலின் படம் அன்று. ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வாக்கியத்தில் நம்மால் சொல்லமுடிந்தால், மறுக்க நமக்கு உரிமை உண்டு.

நான் செய்த பிழை

இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதன்று. சென்ற ஆண்டு என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு படம் காட்டினான். கரையில் ஏற்றி வைத்திருந்த படகொன்றின் பக்கப் பலகை. நீலமும் வெள்ளையுமாய் வரிகள், குறுக்கே ஒரு கயிற்றின் நிழல், அவ்வளவே. சுற்றிலும் நாலைந்து பேர் இருந்தோம். “சட்டைத் துணி மாதிரி இருக்குடா, எத்தனை மீட்டர் வேணும்?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

என் படம் கண்காட்சியில் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. அவனிடம் போய், “அந்தப் படகுப் படத்தை மறுபடி காட்டு” என்றேன். “அன்னிக்கே அழிச்சிட்டேன்” என்றான். அதன்பின் அவன் படம் எதுவும் எடுக்கவில்லை. கயிற்றின் நிழல் வரிகளை எந்த இடத்தில் வெட்டியது என்று இப்போது நினைவுகூர முயல்கிறேன். முடியவில்லை. ஏனென்றால் நான் அன்று அதைப் பார்க்கவே இல்லை, பேசத்தான் செய்தேன்.

காட்டப்படாத படங்களைப் பற்றி எண்ணும்போது நஸ்ரீன் மொஹமதியின் நினைவு வருகிறது. 1937இல் கராச்சியில் பிறந்து, பரோடாப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்து, 1990இல் மறைந்தவர். மெல்லிய கோடுகளாலான அவருடைய ஓவியங்களைப் பலர் அறிவார்கள். அவர் நிழற்படங்களும் எடுத்தார். தரையின் கோடுகள், சுவரின் விளிம்புகள், தறியில் ஓடும் நூல்கள் என யாவும் வடிவங்களே. அந்த நிழற்படங்களை அவர் வாழ்நாளில் கண்காட்சிக்கு வைக்கவில்லை. அவர் மறைந்த பிறகே உலகம் அவற்றைக் கண்டது. 2016இல் நியூயார்க்கில் அவருக்குப் பெரிய கண்காட்சியே நடந்தது. அவர் தம் படங்களைப் பாதுகாத்து வைத்திருந்ததால் அவை பிழைத்தன. என் தோழனின் படகு பிழைக்கவில்லை.

முடிவுரை

என் படம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முதலில் அட்டைத் துண்டுகளை வைத்து ஏழாவது படியை வெட்டிப் பார்த்தேன். கோடு நடுவழியில் அறுந்து நின்றது. தேய்ந்திறுதலைப் போக்கப்போய்க் குன்றக் கூறலில் விழுந்தேன். பிறகு மைதானத்துக்கே மறுபடி போனேன். அதற்குள் பங்குனி வந்துவிட்டது. அதே நாலரை மணிக்குக் கதிரவன் தை மாதத்தைவிட உயரத்தில் நின்றான். நிழல் குறுகி, மடிப்புகளின் சாய்வே மாறியிருந்தது. ஐந்து மணிவரை காத்திருந்தும் பழைய கோடு வரவில்லை. கூரையின் நிழல் இப்போது மூலையை விட்டு விலகியிருந்ததால், வேறொரு கோடு ஏழு படியும் இறங்கித் தரையைத் தொட்டது. அதை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தேன். விரல் கடைசிவரை நிற்காமல் போயிற்று. “இது சரி” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனா அதுலே மடிப்பு இன்னும் அழகா இருந்துச்சி” என்றும் சொன்னார். இரண்டுமே உண்மை. இரண்டு படங்களையும் வைத்திருக்கிறேன்.

தோழர்களே! அடுத்தமுறை ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு படத்தை நம்முன் நீட்டும்போது, “இது என்ன?” என்று கேட்கவேண்டாம். “அருமை” என்று தட்டிக்கழிக்கவும் வேண்டாம். கோட்டின்மேல் விரலை வைத்து, அது போகும் வழியே போவோம். நின்ற இடத்தைச் சொல்வோம். ஆசிரியப் பெருமக்களும் இதற்கென மாதம் ஒரு மாலையை ஒதுக்கித் தந்தால், மாணவர் ஒவ்வொருவரும் ஒரு படத்தோடு வரலாம்.

அப்படி ஒரு மாலை அமையுமானால், என் தோழனே, உன்னை அழைக்க நான் வருவேன். படகுகள் இன்னும் கரையில்தான் இருக்கின்றன. இம்முறை நான் பேசுவதற்குமுன் பார்ப்பேன்.